இழுத்துப் போடாமலே வேர்ட்பிரஸ் தளத்தைப் பராமரிப்பது எப்படி?

மெனு, விட்ஜெட் (பக்கப்பட்டை போன்ற இடங்களில் வைக்கும் சிறு பெட்டிகள்), பதிவின் பத்திகள் எதை இடம் மாற்றுவதானாலும் மவுஸால் பிடித்து இழுத்துத்தான் ஆக வேண்டும் என்று நினைத்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கும் அது பெரிய தடை. இழுக்காமல் செய்யும் வழி வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது, சட்டென்று கண்ணில் படாது, அவ்வளவுதான்.

முதலில் மெனு. அப்பியரன்ஸ் பகுதியில் மெனுஸ் பக்கத்தைத் திறங்கள். டேப் விசையால் ஓர் உருப்படியின் அம்புக்குறிக்குப் போய் என்டர் அழுத்தினால் அது விரியும். உள்ளே 'மூவ்' என்ற வரியில் 'அப் ஒன்', 'டவுன் ஒன்' என்ற இணைப்புகள் இருக்கும், 'அண்டர்' என்று தொடங்குவதை அழுத்தினால் அது துணைமெனுவாகிவிடும். இழுக்கும்போது தவறிப்போய் வேறொன்றின் கீழே விழுகிற தொல்லை இதில் இல்லை என்பதால், மவுஸ் நன்றாக வருபவர்களுக்கும் இதையே சொல்வேன். கடைசியில் சேவ் மெனு அழுத்த மறக்காதீர்கள்.

அடுத்து விட்ஜெட். 2021 ஜூலையில் வந்த 5.8 பதிப்பிலிருந்து விட்ஜெட்ஸ் பக்கம் பிளாக் முறைக்கு, அதாவது பத்தி, படம் என ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாகக் கையாளும் முறைக்கு, மாறிவிட்டது. பழைய முறை வேண்டுமென்றால் கிளாசிக் விட்ஜெட்ஸ் என்ற செருகுநிரலை (பிளகின்) நிறுவி, மேலே ஸ்கிரீன் ஆப்ஷன்ஸைத் திறந்து, 'எனேபிள் ஆக்சஸிபிலிட்டி மோட்' என்பதை அழுத்துங்கள். ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் பக்கத்தில் 'ஆட்' வரும். அதை அழுத்தி, எந்தப் பக்கப்பட்டை, எத்தனையாவது இடம் என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும்.

முழுத் தளமும் பிளாக்குகளால் அமைந்த பிளாக் தீம் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டு பக்கங்களும் திரையில் வராது. கவலை வேண்டாம், பிளாக்குகளை நகர்த்தத் தெரிந்தால் போதும். ஒரு பிளாக்கில் நின்றுகொண்டு ஆல்ட், எஃப்10 சேர்த்து அழுத்தினால் கருவிப்பட்டைக்குப் போகலாம், அங்கே மேலே, கீழே நகர்த்தும் பொத்தான்கள் இருக்கும். விண்டோஸில் இன்னும் வேகமான வழி உண்டு: கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றோடு ஒய் அழுத்தினால் பிளாக் கீழே இறங்கும், ஒய்-க்கு இடப்பக்கத்து எழுத்தை அழுத்தினால் மேலே ஏறும். ஷிஃப்ட், ஆல்ட், எச் அழுத்தினால் மொத்தக் குறுக்குவிசைப் பட்டியலும் திறக்கும்.

அப்புறம், செருகுநிரல் வாங்குமுன் ஒரு சோதனை. இணையத்தை எல்லோரும் பயன்படுத்த வழிசெய்யும், 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறையின் 2.5.7 விதி, இழுப்பது இன்றியமையாததாக இல்லாத இடங்களில் இழுக்காமல் சொடுக்கியே அதைச் செய்ய வழி வேண்டும் என்கிறது. டெமோவைத் திறந்து அதைப் பாருங்கள், பிறகு மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு டேப், என்டர் மட்டும் வைத்து ஒரு பகுதியை நகர்த்திப் பாருங்கள், முடியவில்லை என்றால் வேறு செருகுநிரலைத் தேடுங்கள்.