கப்பலில் வந்து ஒரே பகலில் பழைய மதராஸ்: கேட்டிலிருந்து கிளம்பி கேட்டுக்கே திரும்புவது எப்படி

பினாங்கிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் உல்லாசக் கப்பலில் வந்தார்கள். சென்னையில் ஒரே ஒரு பகல்தான் நிற்கும். காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குக் கிளம்பிவிடும். நான் ராயபுரத்துக்காரன். துறைமுகச் சுவரைப் பார்த்தே வளர்ந்தவன். "நீங்க இறங்கி வாங்க சித்தி, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று போனில் பெரிதாக அளந்துவிட்டேன். அன்றைக்கு முதல் ஒன்றரை மணி நேரம் வீணாகப் போனதற்கும் நான்தான் காரணம். உங்கள் சொந்தக்காரர்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

1. விசா. வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் இந்திய விசா கையில் இருக்க வேண்டும். இ-விசாவில் வந்து இறங்க அனுமதி உள்ள துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. விசா இல்லையென்றால் கப்பல் மொட்டைமாடியிலிருந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

2. கேட். இங்கேதான் நான் சறுக்கினேன்.

சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு வாசல் இல்லை. ராயபுரம் பக்கம் ஜீரோ கேட்டில் தொடங்கி தெற்கே கோட்டைப் பக்கம் வரை வரிசையாக கேட்டுகள் இருக்கின்றன. எனக்குத் துறைமுகம் என்றாலே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஜீரோ கேட்தான். அங்கே போய் நின்றேன். பத்து மணி ஆனது, பத்தரை ஆனது, ஒருவரையும் காணோம். கப்பலில் இருந்தவரை சித்தியின் போன் கப்பல் வைஃபையில் ஓடியது. தரையில் கால் வைத்ததும் வைஃபை போய்விட்டது, ரோமிங்கும் எடுக்கவில்லை. அவர்களைக் கப்பலடியிலிருந்து பேருந்தில் ஏற்றி, தெற்கே வேறொரு கேட்டில் இறக்கிவிட்டிருந்தார்கள். வெயிலில் நின்று நின்று, கடைசியில் ஒரு டீக்கடைக்காரரின் போனை வாங்கிப் பேசினார் சித்தப்பா. அப்போது மணி பதினொன்றரை.

அதனால், கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன்பே வரவேற்பு மேசையில் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். எந்த கேட் வழியாக வெளியே விடுவார்கள்? திரும்ப உள்ளே போவதும் அதே கேட்தானா? பதிலைத் தமிழில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஆட்டோக்காரரிடம் 'துறைமுகம்' என்று மட்டும் சொன்னால் "எந்தப் பக்கம்?" என்று அவரே திருப்பிக் கேட்பார். கூட்டிப்போக வருகிறவர்களும் கேட்டுக்கு வெளியேதான் நிற்க முடியும், பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நான் சொல்வது, கேட்டில் சந்திக்கவே வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த கட்டடமாக ஒன்றைப் பேசிவையுங்கள். ராஜாஜி சாலையில் இருக்கும் பெரிய தபால் நிலையம் நல்ல இடம். ராபர்ட் சிஷோம் வடிவமைத்த சிவப்புக் கட்டடம், யாரும் தவறவிட முடியாது.

3. காசு. வெளிநாட்டு சிம்மில் ஆட்டோ செயலிகள் ஓடிபி கேட்டே உயிரை வாங்கும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. நடை. நாள் வாடகைக்குக் கார் எடுக்காதீர்கள். வாசலில் நிற்கும் டாக்சிக்காரர் மகாபலிபுரம் போகலாம் என்பார், போகாதீர்கள். பாதி நாள் சாலையிலேயே போய்விடும். பார்க்க வேண்டியதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கமே இருக்கிறது.

ராஜாஜி சாலைக்கு ஒரு காலத்தில் 'முதல் கடற்கரைச் சாலை' என்று பெயர். அலை அதுவரை வந்தது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். பிறகு செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள். 1881 புயல் அதைப் பிய்த்துப் போட, மறுபடி கட்டினார்கள். அந்தத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் மணலின் ஓட்டத்தை மறித்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது. இன்றைக்கும் பீச் ஸ்டேஷன் என்று ஒன்று இருக்கிறது, பீச்தான் இல்லை.

நாங்கள் முதலில் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்கு ஓடினோம். 1677இல் சிவாஜி மகாராஜா வந்து வணங்கியதாகச் சொல்லப்படும் கோயில். நடை சாத்தும் நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டோம். அப்புறம் பக்கத்திலேயே ஆர்மீனியன் தெரு. பெரியவர்கள் இன்னும் 'அரண்மனைக்காரத் தெரு' என்பார்கள். ஆர்மீனியன் என்பது வாயில் திரும்பி அரண்மனைக்காரன் ஆகிவிட்டது! 1772இல் எழுந்த அந்த தேவாலயத்துக்கு வழிபட இன்று ஆர்மீனியர்கள் இல்லை. முற்றம் முழுக்கக் கல்லறைப் பலகைகள்தான். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது இந்த மதராஸிலிருந்துதான்; அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் இங்கே உண்டு. பிற்பகலில் மூடிவிடுவார்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அங்கிருந்து பாரிமுனைக்கு வந்து சாலையைக் கடந்தால் உயர் நீதிமன்றம். 1892 கட்டடம். அதன் கோபுரத்தின் உச்சியில் இருந்த விளக்குதான் 1977 வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது. கிழக்குச் சுற்றுச்சுவரில் ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது: 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வீசிய குண்டுக்கு அடையாளம். எம்டன், எம்டன் என்று வாய் ஓயாமல் பேசும் நம் ஆட்களே அதைக் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். சித்தப்பா அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பசித்தால் இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் போங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸும் வாழைத்தண்டு போட்ட சூப்பும் அங்கே கிடைக்கும். பிற்பகலுக்கு மேல்தான் கடைகள் களைகட்டும். பினாங்குக்காரிக்கு நூடுல்ஸ் புதிதா என்ன? ஆனால் புளித்தண்ணீர் ஊற்றிக் கையாலேயே பிசைந்து கொடுப்பதைப் பார்த்துச் சித்தி சிரித்துவிட்டார்.

5. மெட்ரோ. காலை பத்துக்குள் வெளியே வந்துவிட்டால் மட்டும் இது. மண்ணடி நிலையத்தில் விம்கோ நகர் போகும் ரயிலில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் திருவொற்றியூர் தேரடி. இறங்கினால் தியாகராஜ சுவாமி கோயில், வடிவுடையம்மன் சன்னதி. நண்பகலில் நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்கு மேல்தான். கப்பல் பயணிக்கு நாலு மணி உதவாது.

சித்தி வந்ததே இதற்காகத்தான். அவருடைய அம்மா கல்யாணமாகி ரஜூலா கப்பலில் மலேயாவுக்குக் கிளம்பும் முன்தினம் கும்பிட்டுப் போன அம்மன். நான் தப்பான கேட்டில் நின்ற ஒன்றரை மணி நேரத்தில் அது போனது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

6. திரும்புதல். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, ஏறி முடிக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதுதான் கணக்கு. அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்பே கேட்டில் இருங்கள். மாலையில் ராஜாஜி சாலை நகராது. பாரிமுனையிலிருந்து ஆட்டோ பிடித்து, பாதியில் இறங்கி நடந்தோம். கப்பல் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கையிலேயே வைத்திருங்கள், பைக்குள் தேடினால் பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

பின்சேர்க்கை: வெள்ளிக்கிழமை கப்பல் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. அதே கோட்டைக்குள் 1680இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயத்தைப் பார்க்கலாம். தலைமைச் செயலகமும் உள்ளேதான் என்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை கேட்பார்கள். செவ்வாய் என்றால் ஆர்மீனியன் தெருவில் அந்தோணியார் கோயில் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும், அதற்குத் தகுந்தபடி முன்னாலேயே போய்விடுங்கள்.