பழைய கறுப்பு பெல்ட்டோடு பாய்க்கு வருபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் வளர்ந்த என் வயதுக்காரர்களில் கராத்தே கற்றவர்கள் நிறைய. நானும் கறுப்பு பெல்ட் வரை போனேன். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள். 16 வருடம் கழித்து, 41 வயதில் ஜியு-ஜிட்சு பழகப் போனேன். குத்து, உதை கிடையாது; தரையில் கட்டிப் புரண்டு மூட்டையோ கழுத்தையோ பிடித்து மடக்குகிற கலை. ஆறு வருடம் ஓடிவிட்டது. மாதத்துக்கு ஒருவராவது அன்றைய என்னைப் போலவே எங்கள் பயிற்சிக்கூடக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்: தொந்தி கொஞ்சம், பெல்ட் மிடுக்கு நிறைய. நகம் வெட்டு, சாப்பிட்ட உடனே வராதே என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். இப்படி வருபவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வாரம் ஐந்து நாள்

வேண்டாம். இரண்டு நாள் போதும். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழைய நிலைக்கு வரப் பார்க்கும். தசைநாருக்கு மாதக்கணக்கில் ஆகும். இடையில்தான் தோள்பட்டை போகும்.

தட்ட மறுப்பது

தட்டுவது என்றால், 'தோற்றேன், விடு' என்று கையால் தட்டிச் சொல்வது. அதை மறுப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

கராத்தேக்காரனை மல்லாக்கத் தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வான்? இரண்டு கையையும் நேராக நீட்டித் தள்ளுவான். குத்திப் பழகிய கை வேறென்ன செய்யும்? மேலே இருப்பவனுக்கு அது தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. நீட்டிய கையைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பை மேலே தூக்கினால் முழங்கை எதிர்ப்பக்கம் வளையும். ஆர்ம்பார் என்பது அவ்வளவுதான்.

எனக்குப் போட்டவன் கல்லூரிப் பையன், என்னைவிட 15 கிலோ குறைவு. அவசரப்படவே இல்லை. நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தான். தட்டுவதற்குத் தாராளமாக நேரம் இருந்தது. நானோ, இந்தப் பொடியனிடமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை உருவப் பார்த்தேன். முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தது. நான் நேர்ந்துகொண்ட காவடியை என் தம்பி தூக்கினான். கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். பார்த்த பெரியம்மாக்கள் எல்லாம் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்கள். என்னவென்று சொல்வது?

போன செவ்வாய்க்கிழமை புதிதாக வந்த ஒருவர் அதே கையை அதே மாதிரி நீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் "தட்டுங்க!" என்று கத்தினேன். கடைசி நொடியில் தட்டினார். எழுந்து, "வலிக்கவே இல்லையே அண்ணா, இன்னும் தாங்கியிருப்பேன்" என்றார்.

வலிக்காகக் காத்திருப்பதுதான் தவறு. குதிகாலைப் பிடித்து முறுக்குகிற ஹீல் ஹூக்கில் முட்டி ஜவ்வு கிழிகிற வரை பெரிதாக வலிக்காமலே போகலாம். அதனால்தான் ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) போட்டிகளில் அந்தப் பிடியை, கீ எனும் தடித்த பயிற்சி உடை இல்லாத பிரிவில், அதுவும் பழுப்பு, கறுப்பு பெல்ட்டுக்காரர்களுக்கு மட்டும் அனுமதிக்கிறார்கள். கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களும் சரியாக அடைபட்டால் 10 விநாடிக்குள் கண் இருட்டிவிடும். பிடி விழுந்துவிட்டது, வெளியே வர வழி தெரியவில்லை என்றால் உடனே தட்டுங்கள். எதிராளி உடம்பில் அவருக்கு உறைக்கிற மாதிரி இரண்டு மூன்று தட்டு. கை சிக்கியிருந்தால் காலால் பாயில் தட்டுங்கள், இல்லை வாயால் கத்துங்கள்.

மானப் பிரச்சினை என்றால் ஒன்று சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் நம் நாட்டு டிரிகஸ் டு பிளெஸி நான்காவது சுற்றில் பின்னாலிருந்து பிடித்தபோது இஸ்ரேல் அடெசான்யா தட்டினார். இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவர், பட்டப் போட்டியிலேயே தட்டினார். நீங்கள் செவ்வாய்க்கிழமை ராத்திரிப் பயிற்சியில் தட்டக்கூடாதா?

"எங்கள் கராத்தேயில்..."

யாரும் கேட்கவில்லை.

முதுகைக் காட்டுவது

குப்புறப் படுத்தால் தப்பிக்கலாம் என்று தோன்றும். பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துவிடுவார்கள்.

ஈர உடை

டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில், நனைந்த உடையை ஒரு ராத்திரி கார் டிக்கியில் விட்டுப் பாருங்கள். மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு போனேன். படர்தாமரை. எனக்கு வந்து, மகனுக்கு வந்து, கடைசியில் என் மனைவிக்கும் வந்தது. முழங்கை போனதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள்.