பழங்குடிக் காணியில் சூதாட்டம்: அமெரிக்க வழக்கை நம்மூர் வாசகர் வட்டத்தில் படிப்பது எப்படி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு வாசிகசாலையில் உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர், சட்டம் படிப்பவர், ஆசிரியர் என்று பதினைந்து இருபது பேர் கூடினால், அமெரிக்கப் பழங்குடிகள் தங்கள் காணியில் நடத்தும் சூதாட்டத்தை மாநிலம் தடுக்கலாமா என்ற வழக்கை இரண்டரை மணித்தியாலத்தில் ஒழுங்காகப் படித்து முடிக்கலாம். இறைமை என்ற சொல்லை நாம் மேடைகளில் நிறையக் கேட்கிறோம். அது காணியாக, வரியாக, பொலிஸ் அதிகாரமாகத் துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பதை இந்த வழக்கு போலத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறு கிடைப்பது கடினம்.

தேவையானவை கொஞ்சம்தான்: இரண்டு பிறவுண் தாள், மூன்று நிற மார்க்கர், அமெரிக்க வரைபடம் ஒன்று, பஸ் நிலையத்தடியில் வாங்கிய பழைய லொத்தர் சீட்டு ஒன்று. அந்தச் சீட்டைக் கடைசிவரை பையிலேயே வைத்துவிடாதீர்கள். நடுவில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

முதல் இருபது நிமிடம் சொற்களுக்கு

இதை அவசரப்பட்டுத் தாண்டினால் பிறகு முழுக் கூட்டமும் குழம்பும். "செவ்விந்தியர்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அது நிறத்தை வைத்து வெளியார் இட்ட பெயர். அமெரிக்கப் பழங்குடியினர் என்று பொதுவாகச் சொல்லலாம். முடிந்த இடத்திலெல்லாம் செமினோல், செரோக்கி, நவஹோ என்று அந்தந்த மக்களின் பெயரையே சொல்லுங்கள். அமெரிக்க அரசு அங்கீகரித்தவை மட்டும் 570க்கு மேல். எல்லாவற்றையும் ஒரே இனமாகப் பேசினால் அங்கேயே பாடம் தவறிவிடும்.

நீதிமன்றப் பெயர்களில் இன்னொரு பொறி உண்டு. நமக்கு நாட்டின் உச்சியில் இருப்பது உயர் நீதிமன்றம், அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும். தமிழ்நாட்டுப் பத்திரிகையில் உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்து நீதிமன்றம்; உச்சியில் இருப்பது உச்ச நீதிமன்றம். இரண்டையும் கலந்து வாசித்தவர்கள் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை இறுதித் தீர்ப்பாக நம்பிவிடுவார்கள். இங்கே உயர் நீதிமன்றம் என்று சொல்வது வாஷிங்டனில் இருக்கும் அந்த ஒன்றைத்தான். அதேபோல் அமெரிக்க "உள்துறை" என்று மொழிபெயர்க்கப்படும் திணைக்களம் பொலிஸைப் பார்ப்பதில்லை. அரச காணி, தேசியப் பூங்கா, பழங்குடி விவகாரம் ஆகியவையே அதன் கையில். நம் உள்நாட்டலுவல்கள் அமைச்சை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் கதை பிசகும்.

உடன்படிக்கை, ஒப்பந்தம் என்ற இரண்டையும் பிரித்து வையுங்கள். பழைய காலத்தில் பழங்குடிகளும் அமெரிக்க அரசும் நாட்டுக்கு நாடு செய்துகொண்டவை உடன்படிக்கைகள். சூதாட்டத்துக்காக இன்று மாநிலத்தோடு செய்வது ஒப்பந்தம்.

இறைமை எங்கிருந்து வந்தது என்று விளக்கும்போது

தாளில் மூன்று பெட்டி வரையுங்கள்: சமஷ்டி அரசு, மாநிலம், பழங்குடி. பெரும்பாலானோர் சமஷ்டியை மேலே, மாநிலத்தை நடுவில், பழங்குடியைக் கீழே வரைவார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. மாநிலத்துக்குக் கீழ்ப்பட்ட பிரதேச சபை போன்றதல்ல பழங்குடி. மாநிலமும் பழங்குடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் மேலே சமஷ்டி.

1831இல் உயர் நீதிமன்றம் செரோக்கி மக்களை "உள்நாட்டுச் சார்பு நாடு" என்று வகைப்படுத்தியது. அடுத்த ஆண்டு, செரோக்கி நிலத்துக்குள் ஜோர்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பு கையில் இருந்தும் 1838இல் செரோக்கி மக்கள் இராணுவத்தால் வலுக்கட்டாயமாக மேற்கே விரட்டப்பட்டார்கள். இதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களின் அதிகாரம் அரசியலமைப்பு கொடுத்த பிச்சை அல்ல, அரசியலமைப்புக்கு முன்பே இருந்தது. ஆனால் காங்கிரஸ், அதாவது அமெரிக்கப் பாராளுமன்றம், நினைத்தால் அதை வெட்டிக் குறைக்கவும் முடியும். இரண்டும் சேர்ந்ததுதான் நிலைமை.

உள்ளூர் உவமை வேண்டுமென்றால் நம் தாய்வழிக் குலப்பிரிவான குடிமுறையை எடுங்கள். கொக்கட்டிச்சோலையிலோ மண்டூரிலோ திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த உரிமை, கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் எந்தக் குடியிலிருந்து வருவார் என்பதைப் பிரதேச செயலாளர் வகுத்துக் கொடுத்ததில்லை. அது வழக்கிலிருந்து வருகிறது. யார் எந்தக் குடி என்பது தாய்வழியில் தீர்கிறது. இதை வைத்து 1978ஆம் ஆண்டு சாந்தா கிளாரா புவெப்லோ வழக்கைச் சொல்லலாம். வெளியே மணம் முடித்த ஆணின் பிள்ளைகள் உறுப்பினர், வெளியே மணம் முடித்த பெண்ணின் பிள்ளைகள் உறுப்பினரல்ல என்பது அந்தப் பழங்குடியின் விதி. நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. தாய்வழிக் குடியில் பிறந்தவர்களுக்கு இது நெஞ்சில் உறுத்தும், வாதம் எழும், எழட்டும். உறுப்புரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் வெளியார் விரும்பாத விதியையும் உள்ளடக்கும் என்பது அப்போதுதான் விளங்கும்.

உவமை எங்கே முறிகிறது என்பதையும் உடனே சொல்லிவிடுங்கள். நம் குடிகளுக்கு நீதிமன்றமோ பொலிஸோ எல்லை போட்ட நிலமோ இல்லை. அமெரிக்கப் பழங்குடிகள் பலவற்றுக்கு மூன்றும் உண்டு.

லொத்தர் சீட்டை மேசையில் வைக்கும் நேரம்

1979இல் புளோரிடாவில் செமினோல் மக்கள் பெரும் பரிசு பிங்கோ ஆட்டத்தை (அழைக்கும் எண்ணைச் சீட்டில் குறித்து ஆடுவது) தொடங்கினார்கள். மாநிலச் சட்டம் அனுமதித்த பரிசு 100 டொலருக்கு மேல் போகாது. செமினோல் பரிசு அதைவிடப் பல மடங்கு. பொலிஸ் அதிகாரி கைது செய்வேன் என்றார். பழங்குடி முந்திக்கொண்டு வழக்குப் போட்டு 1981இல் மேன்முறையீட்டிலும் வென்றது. கலிபோர்னியாவின் கபசோன், மொறோங்கோ குழுக்களின் வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய் 1987 பெப்ரவரி 25 அன்று 6க்கு 3 என்று பழங்குடிகளுக்குச் சார்பாக முடிந்தது. கபசோன் குழுவில் அப்போது பதிவான உறுப்பினர் ஏறத்தாழ 25 பேர். நாடு முழுவதையும் மாற்றிய வழக்கு அவ்வளவு சிறிய கூட்டத்துடையது.

தீர்ப்பின் அச்சாணி ஒரு வேறுபாடு: முற்றாகத் தடை செய்வது வேறு, ஒழுங்குபடுத்துவது வேறு. 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கலிபோர்னியாவுக்குப் பழங்குடி நிலத்தில் குற்றவியல் அதிகாரம் கொடுத்திருந்தது, பொதுவான ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. இதை விளக்க ஹெரோயினையும் சாராயத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஹெரோயினை யாரும் எந்த அனுமதிப்பத்திரத்தோடும் கடை போட்டு விற்க முடியாது, அது தடை. சாராயத்தை அனுமதிப்பத்திரம் உள்ளவர் விற்கலாம், இல்லாதவர் கசிப்பு வடித்தால் பிடிபடுவார், அது ஒழுங்குபடுத்தல். கலிபோர்னியாவில் சூதாட்டம் எந்தப் பக்கம்?

இப்போது சீட்டை எடுங்கள். "அரசாங்கமே இதை அடித்து விற்கும்போது, தன் ஆட்சிக்குள் வராத ஒருவரைப் பார்த்து இது எங்கள் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று சொல்லலாமா?" என்று கேளுங்கள். கலிபோர்னியா தானே லொத்தர் நடத்தியது, பிங்கோவை அனுமதித்தது, குதிரைப் பந்தயத்தையும் அனுமதித்தது. ஆகவே அங்கே சூதாட்டம் தடை அல்ல, ஒழுங்குபடுத்தல்தான் என்றது நீதிமன்றம். அந்தத் துண்டுக் கடதாசி ஒரு மணிநேர விரிவுரையைவிட அதிகம் புரிய வைக்கும்.

கூட்டம் தடம் புரளும் இடம்

இந்த இடத்தில் அநேகமாக ஒருவர் எழும்பி, "சூது கூடாதுதானே, பிறகென்ன உரிமை?" என்பார். காத்தான்குடியிலிருந்தோ சம்மாந்துறையிலிருந்தோ வந்தவருக்கு அது ஹராம். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலடியில் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவருக்கு, சூது என்றதும் தருமன் நாட்டையும் மனைவியையும் வைத்துத் தோற்றது கண்முன் வரும். இவர்களை வாயடைக்க வைக்காதீர்கள், கேள்வி நியாயமானது. இரண்டாவது தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் "சூது நல்லதா?", வலப்பக்கம் "யார் முடிவெடுப்பது?". ஒவ்வொரு கருத்தையும் அதற்குரிய பக்கத்தில் எழுதுங்கள். இடப்பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்து, பிறகு வலப்பக்கம் திரும்புங்கள்.

இரண்டும் வேறு என்பதற்கு நவஹோ மக்களே சாட்சி. 1994இலும் 1997இலும் தங்கள் வாக்கெடுப்பில் சூதாட்டத்தை அவர்கள் நிராகரித்தார்கள். பின்னர் மனம் மாறி 2008இல்தான் முதல் கசினோவைத் திறந்தார்கள். வேண்டாம் என்றதும் இறைமை, வேண்டும் என்றதும் இறைமை.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தை வாசிப்பது

1987 தீர்ப்புக்குப் பிறகு மாநிலங்கள் காங்கிரஸிடம் ஓடின. 1988 ஒக்டோபர் 17 அன்று பழங்குடிச் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அது ஆட்டங்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. மரபான, சிறு பரிசு ஆட்டங்கள் முதலாம் வகுப்பு. பழங்குடியைத் தவிர யாரும் கேள்வி கேட்க முடியாது. பிங்கோவும், கடை வைப்பவருக்கு எதிராக அன்றி ஆடுவோர் தமக்குள் ஆடும் சீட்டாட்டமும் இரண்டாம் வகுப்பு. பழங்குடியே நடத்தும், பழங்குடிச் சூதாட்டத்துக்கான தேசிய ஆணைக்குழு மேற்பார்வை செய்யும், மாநில ஒப்பந்தம் வேண்டாம். ஸ்லொட் மெஷின், ரூலெட், பிளாக்ஜாக் போன்ற மற்றவை மூன்றாம் வகுப்பு. மாநிலத்தோடு ஒப்பந்தம் கட்டாயம். ஸ்லொட் மெஷின் போலவே தோன்றி உள்ளே பிங்கோ ஓடும் இயந்திரங்களும் உண்டு. படத்தைப் பார்த்து வகுப்பைச் சொன்னால் ஏமாறுவீர்கள்.

பலர் இந்தச் சட்டம் பழங்குடிகளுக்கு உரிமை வழங்கியது என்று எழுதுகிறார்கள். உரிமை ஏற்கெனவே இருந்தது. சட்டம் அதில் மாநிலம் தலையிட ஓர் இடம் கொடுத்தது. இந்த ஒரு வரியைக் கூட்டத்தில் மூன்று தடவையாவது சொல்லுங்கள்.

பணம் பற்றிக் கேள்வி வரும். மாநிலம் வரி போட முடியாது. வருமானத்தைப் பழங்குடி அரசு, மக்கள் நலன், பொருளாதார வளர்ச்சி, தருமம், அயல் உள்ளூராட்சிக்கு உதவி என்ற ஐந்து வழியில்தான் செலவழிக்கலாம். ஆளுக்கு ஆள் பங்கு பிரிக்க உள்துறைச் செயலாளர் (நம் அமைச்சரைப் போல அந்தத் திணைக்களத்தின் தலைவர்) ஏற்ற திட்டம் வேண்டும், அந்தப் பங்குக்குச் சமஷ்டி வருமான வரியும் உண்டு. 2023 நிதியாண்டில் மொத்த வருமானம் 41.9 பில்லியன் டொலர். ஆனால் அங்கீகாரம் பெற்றவற்றில் பாதிக்கும் குறைவானவையே சூதாட்டம் நடத்துகின்றன. பெருநகரத்துக்குத் தொலைவில் உள்ளவற்றுக்குக் கிடைப்பது சொற்பம். "எல்லாரும் கோடீஸ்வரர்" என்ற கதையை இங்கேயே நிறுத்துங்கள்.

கடைசி நாற்பது நிமிடம்: ஒரு கற்பனை வழக்கு

நான்கு குழுவாகப் பிரித்து இதைக் கொடுங்கள். ஒரு பழங்குடி தன் ஒதுக்கு நிலத்திலிருந்து 60 மைல் தள்ளி, நகரத்தோரம் 40 ஏக்கர் காணியை 2005இல் விலைக்கு வாங்குகிறது. அங்கே ஸ்லொட் மெஷினும் பிளாக்ஜாக்கும் வைக்க விரும்புகிறது. வெளி நிறுவனம் ஒன்று நடத்தித் தரச் சம்மதிக்கிறது. முடியுமா?

பெரும்பாலான குழுக்கள் ஆட்டத்திலிருந்து தொடங்கும். காணியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். விலைக்கு வாங்கியதால் மட்டும் அது பழங்குடி நிலமாகாது. உறுதி சமஷ்டி அரசின் பேரிலும் பயன் பழங்குடிக்கும் என்று பொறுப்புக் காணியாக மாற வேண்டும். கோயில் காணியைப் பொறுப்பாளர் பேரில் வைத்திருப்பதை நினைத்தால் விளங்கும். இங்கேயே ஒரு தடை: 2009இல் நரகன்செட் மக்களின் 31 ஏக்கர் வழக்கில், 1934இல் சமஷ்டி ஆட்சியின் கீழ் இருந்த பழங்குடிக்கு மட்டுமே அந்த ஆண்டுச் சட்டப்படி காணியைப் பொறுப்பேற்கலாம் என்றது உயர் நீதிமன்றம். அவர்கள் அங்கே கட்ட நினைத்தது வீடுகள். ஆகவே குழு முதலில் கேட்க வேண்டியது, 1934இல் இந்தப் பழங்குடியின் நிலை என்ன?

அதைத் தாண்டினால் திகதி. 1988 ஒக்டோபர் 17க்குப் பின் பொறுப்பேற்ற காணியில் பொதுவாகச் சூதாட்டம் கூடாது. காணி உரிமை வழக்கின் தீர்வாக வந்தது, மீள அங்கீகாரம் பெற்ற பழங்குடிக்குத் திரும்பக் கிடைத்தது, முதல் ஒதுக்கு நிலம் என்று சில விதிவிலக்குகள் உண்டு. நம் 40 ஏக்கர் எதிலும் அடங்காவிட்டால் மிஞ்சுவது ஒரே வழி: பழங்குடிக்கு நன்மை, அயலுக்குக் கேடில்லை என்று உள்துறைச் செயலாளர் தீர்மானித்து, மாநில ஆளுநரும் இணங்க வேண்டும். ஆளுநர் மறுத்தால் அந்த வழி மூடிவிடும்.

இணங்கினால் ஒப்பந்தம். மாநிலம் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். 180 நாளில் முடியாவிட்டால் வழக்குப் போடலாம் என்றது சட்டம். 1996இல் செமினோல் வழக்கில், மாநிலம் சம்மதிக்காமல் அதன்மேல் அப்படி வழக்குப் போட முடியாது என்று உயர் நீதிமன்றம் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானால் உள்துறைச் செயலாளருக்கு 45 நாள். அவர் பேசாமலிருந்தால் ஏற்றதாகவே கொள்ளப்படும். வெளி நிறுவனத்தின் பங்கு நிகர வருமானத்தில் சாதாரணமாக 30 வீதத்தைத் தாண்டக் கூடாது, காலம் ஐந்து ஆண்டு. நிறுவனம் பாதிக்குப் பாதி கேட்டது என்று ஒரு குழு எழுதியிருந்தால் சிவப்பு மார்க்கரால் சுழியுங்கள்.

முடியும் தறுவாயில் வாகரைப் பக்கத்து வேடர் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கதிரவெளி, பால்சேனைப் பக்கங்களில் தமிழ் பேசி வாழும் அவர்களுக்கு உடன்படிக்கையோ, சட்டம் ஏற்ற ஆட்சி எல்லையோ கிடையாது. அமெரிக்கத் தீர்ப்புகளை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. பொருந்தக்கூடிய ஆவணம் 2007ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம். அதற்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அமெரிக்கா எதிர்த்து வாக்களித்து, 2010இல்தான் ஆதரவு தெரிவித்தது. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிரகடனத்தின் 26ஆம் உறுப்புரையை, காணி பற்றியதை, முன்கூட்டியே பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.