இடம் இலவசம்தானே என்று ஆர்.வி.யில் கிளம்பும் முன்

ஓய்வு பெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு, படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டியில் ஊர் சுற்றுவது அமெரிக்காவில் புதிதல்ல. அதில் ஒரு கிளை உண்டு. ஏதாவது ஒரு பூங்காவில் ஒன்றிரண்டு மாதம் வண்டியை நிறுத்திக்கொண்டு, அங்கிருக்கும் சின்ன மியூசியத்தையோ கலங்கரை விளக்கத்தையோ காலையில் திறந்து, வருகிறவர்களுக்குக் கதை சொல்லி, சாயங்காலம் பூட்ட வேண்டும். சம்பளம் கிடையாது. தண்ணீர், கரண்ட், கழிவுநீர்க் குழாய் மூன்றும் உள்ள இடம் கிடைக்கும். ஒரேகான் கடலோரத்தில் இரண்டு கோடை நானும் மனைவியும் இதைச் செய்தோம். கீழே வரும் தவறுகளில் பாதி எங்களுடையவை.

எல்லாரும் சறுக்குகிற இடம் ‘இலவசம்’ என்ற சொல்தான். வாரம் 20 மணி நேரம் என்றால், அது ஆளுக்கு 20ஆ, தம்பதிக்குச் சேர்த்து 20ஆ? பூங்காவுக்குப் பூங்கா மாறும், விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். சனி, ஞாயிறு கட்டாயம் வேலை நாள். ஜூலை 4 விடுமுறைக்கு மகன் குடும்பத்தை வரச் சொல்லிவிட்டு நாள் முழுக்க நான் மியூசியத்தில் நின்றேன். பேரன் டிக்கெட் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். கோடை இடங்களுக்கு முந்தைய குளிர்காலத்திலேயே ஆள் எடுத்துவிடுவார்கள், பின்னணிச் சோதனையும் உண்டு. ஏப்ரலில் தேட ஆரம்பித்தால் யாரும் விரும்பாத மாதங்கள்தான் மிஞ்சும்.

இன்னொரு கணக்குக் குழப்பம். 250 மணி நேரம் தொண்டு செய்தால் தேசியப் பூங்காக்களுக்கு ஓராண்டு பாஸ் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அது மத்திய அரசின் பூங்காக்களிலும் காடுகளிலும் செய்யும் வேலைக்கு. மாநிலப் பூங்காவில் எத்தனை மணி நேரம் நின்றாலும் அந்தக் கணக்கில் ஏறாது. அப்புறம், ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கொஞ்ச நேரம் கல்லாவில் உட்கார வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் வேலை செய்யக் கூடாது. இடத்துக்கு ஈடாக உழைப்பு என்பது விசா விஷயத்திலும் வம்பு.

பயணத்தில் ஆர்.வி.க்காரர்கள் சொல்லும் 3-3-3 விதி நல்லது: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம், மதியம் 3 மணிக்குள் போய்ச் சேருங்கள், சேர்ந்த இடத்தில் 3 இரவு தங்குங்கள். வண்டியின் உயரத்தைக் கூரை ஏ.சி.யோடு சேர்த்து அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கார் ஜி.பி.எஸ்.ஸை நம்பி மலைச்சாலையில் ஏறாதீர்கள். கிளேசியர் தேசியப் பூங்காவின் நடுவே போகும் ‘கோயிங் டு தி சன்’ சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியே இல்லை. பெரும்பாலான மோட்டார் ஹோம் அதைவிட நீளம்.

வண்டிக்குள் நம் சமையலால் வரும் பிரச்சினை தனி. 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800, ஹீட்டர் 1,500. இரண்டும் ஓடும்போது காபிக்குக் கெட்டிலைப் போட்டால் இருட்டுதான். முதல் வாரம் மூன்று தடவை பிரேக்கர் விழுந்தது. கழிவுநீர்க் குழாய் இருக்கிறதே என்று கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைப்பது அதைவிடப் பெரிய தவறு. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது உள்ளே மேடாகி இறுகிவிடும். முக்கால்வாசி நிறையும் வரை மூடி வைத்து, முதலில் கறுப்பைத் திறந்து, பிறகு பாத்திரம் கழுவிய சாம்பல் தொட்டியைத் திறந்தால் குழாயும் அலசினமாதிரி ஆகும். வடித்த கஞ்சியையும் தாளித்த எண்ணெயையும் மட்டும் சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

சரி, மியூசியத்துக்கு வருவோம். பித்தளை என்றால் நமக்குக் கை சும்மா இருக்காது, வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்த பழக்கம். பழைய கப்பல் விளக்கு ஒன்று மங்கிக் கிடக்கிறதே என்று என் மனைவி துணியும் பாலிஷும் எடுத்துவிட்டார். பூங்கா ரேஞ்சர் ஓடி வந்தார். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் கொஞ்சம் போகும், செதுக்கிய எழுத்து மழுங்கும், அந்த மங்கலும் வரலாற்றின் பகுதிதான் என்று பொறுமையாகச் சொன்னார். கலங்கரை விளக்கத்தின் ஒளியைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும் ஃபிரெனெல் லென்ஸ் விஷயத்தில் இன்னும் கெடுபிடி. அந்தக் காலக் காவலர்களே சட்டைப் பட்டன் கண்ணாடியில் கீறிவிடும் என்று லினன் துணியை ஏப்ரனாகக் கட்டிக்கொண்டுதான் அருகில் போவார்களாம்.

கதை சொல்வதில்தான் என் பெரிய தவறு. ஒரேகான் கடலோரத்தில் எங்கே நின்றாலும் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பேச்சு வரும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜூன் 21 இரவு ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி, கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த அந்தக் கோட்டையை நோக்கி 17 குண்டு சுட்டது. கோட்டை திருப்பிச் சுடவில்லை. “அந்தப் போரில் அமெரிக்கப் பெருநிலத்தின் மீது ஜப்பான் நடத்திய முதல் தாக்குதல்” என்று நான் ஒரு மாதம் முழங்கினேன். கூட்டமும் ரசித்தது. ஒரு நாள் ஒரு பெரியவர், எல்லாரும் போகும் வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: “அதே வருஷம் பிப்ரவரி 23ஆம் தேதி கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பக்கத்தில் எல்வுட் எண்ணெய் வயலைச் சுட்டார்களே?” அவர் சொன்னதுதான் சரி. அது ஐ-17 என்ற வேறொரு நீர்மூழ்கி. ஃபோர்ட் ஸ்டீவன்ஸுக்கு உள்ள சிறப்பு, சுடப்பட்டது ஒரு ராணுவத் தளம் என்பது. ‘முதல்’, ‘ஒரே’, ‘மிகப் பெரிய’ என்ற சொற்கள் வாயில் வரும்போதெல்லாம் இப்போது நான் கையேட்டை ஒரு முறை புரட்டிவிடுகிறேன். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எழுதி வைத்து, ரேஞ்சரிடம் கேட்டுச் சொன்னால் யாரும் குறைவாக நினைப்பதில்லை.

மாதக்கணக்கில் நின்ற வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். டயர் காற்று, எலி கடித்த வயர், கடல் காற்றில் பூத்த பூஞ்சை, மூன்றையும் பாருங்கள். முதல் கோடை முடிந்து நாங்கள் கிளம்பியபோது கரண்ட் கேபிளைக் கழற்ற மறந்துவிட்டோம். பத்தடி போனதும் பக்கத்து வண்டிக்காரர் செருப்பில்லாமல் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.