சூரிய அதிர்ச்சி அலையின் வேகத்தை வானொலிப் பதிவிலிருந்து கணிக்கும் முறை

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் நாள் முழுவதும் மூடுபனி சூழ்ந்திருந்தாலும் சூரியனின் வானொலி அலைகளை அது தடுப்பதில்லை. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்கும் மலையக மாணவர் எவரும், ஒரு கணினியும் கணிப்பானும் இருந்தால், சூரியனில் எழும் அதிர்ச்சி அலையின் வேகத்தைத் தாமே கணித்துப் பார்க்கலாம்.

சூரியனிலிருந்து பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) பெருமளவில் வெடித்துப் பாயும்போது அதன் முன்னே அதிர்ச்சி அலை எழுகிறது. அங்கு முடுக்கப்படும் இலத்திரன்கள் காந்தப்புலக் கோடுகள் வழியே கற்றையாக விரைந்து சூழவுள்ள பிளாஸ்மாவை அதிரச் செய்கின்றன. அவ்வதிர்வின் ஒரு பகுதி வானொலி அலையாக மாறுகிறது. ஒரு கன சென்ரிமீற்றரிலுள்ள இலத்திரன்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு 9 ஆல் பெருக்கினால், அவ்வலையின் மீடிறன் கிலோஹேர்ட்ஸில் கிடைக்கும். அதிர்ச்சி அலை மேலேறுந்தோறும் இந்த இலத்திரன் அடர்த்தி குறைவதால் மீடிறனும் இறங்குகிறது.

முதலில், சூரிய வானொலி அலைகளைப் பதியும் நிலையங்களின் இ-கலிஸ்டோ வலையமைப்பின் இணையத்தளத்திலிருந்து, இந்தியாவிலுள்ள ஊட்டி அல்லது கௌரிபிதனூர் நிலையத்தின் கோப்பு ஒன்றை இலவசமாகப் பதிவிறக்குங்கள். ஒவ்வொரு கோப்பும் 15 நிமிடப் பதிவு. நேரம் சர்வதேச நேரத்தில் இருப்பதால், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலங்களைக் கழித்தே தேட வேண்டும்.

அடுத்து, நேரத்துடன் மீடிறன் மாறுவதைக் காட்டும் அப்பதிவின் படத்தை வாசியுங்கள். 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை அசையாமல் கிடக்கும் நேர்கோடுகள் எஃப்.எம். ஒலிபரப்புகள். சில செக்கன்களில் சரிந்து மறைவது மூன்றாம் வகை வெடிப்பு. அது அதிர்ச்சி அலையால் அன்றி, விரைந்தோடும் இலத்திரன் கற்றையால் நேரடியாக உண்டாவது. நமக்கு வேண்டியது, அதிர்ச்சி அலையால் உண்டாகி, பல நிமிடங்களாக மெதுவாகச் சரியும் இரண்டாம் வகைப் பட்டை.

இப்பட்டை பெரும்பாலும் சோடியாக வரும்: ஒன்று அடிப்படை மீடிறனிலும் மற்றது அதன் ஏறத்தாழ இருமடங்கிலும் இருக்கும். எது எது என்று தீர்மானிக்காமல் கணிப்பைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடிப்படைப் பட்டை 3 நிமிடங்களில் 80 இலிருந்து 50 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கியதாகக் கொள்வோம். 80 மெகாஹேர்ட்ஸ், அதாவது 80,000 கிலோஹேர்ட்ஸை 9 ஆல் வகுத்து வர்க்கித்தால் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.9 கோடி இலத்திரன்கள். அதை 42,000 ஆல் வகுத்து, வரும் விடைக்கு 10 ஐ அடியாகக் கொண்ட மடக்கையைக் கண்டு, 4.32 ஐ அம்மடக்கையால் வகுத்தால், சூரிய மையத்திலிருந்து 1.32 சூரிய ஆரை என்ற தூரம் கிடைக்கும். இது, சூரியனிலிருந்து விலகும்போது அடர்த்தி எவ்வாறு குறைகிறது என்பதைக் கூறும் நியூகேர்க் அடர்த்தி மாதிரியின் வழி. 50 மெகாஹேர்ட்ஸுக்கு 1.51 வரும். ஓர் ஆரை 6,96,000 கிலோமீற்றர். இரு தூரங்களின் வித்தியாசத்தைக் கிலோமீற்றராக்கி 180 செக்கன்களால் வகுத்தால், வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 730 கிலோமீற்றர். அதே பட்டை உண்மையில் இருமடங்குப் பட்டையாக இருந்தால், மீடிறன்களைப் பாதியாக்கிக் கணிக்க வேண்டும். அப்போது வேகம் 1,130 ஐ எட்டும்.

பட்டை 10 மெகாஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கியதும், பூமியின் மேல் வளிமண்டலத்திலுள்ள மின்னேற்றம் பெற்ற படையான அயன மண்டலம் அதைத் தடுத்துவிடும். அம்மீடிறனுக்குக் கீழே, சூரியனிலிருந்து வெளியே பாயும் பிளாஸ்மாவான சூரியக் காற்றினூடாக அதே அலையைத் தொடர, 1994 இல் ஏவப்பட்ட விண்ட் விண்கலத்தின் பதிவுகளை எடுங்கள். பூமியை அண்மிக்கையில் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 5 இலத்திரன்களாகக் குறைய, மீடிறனும் 20 கிலோஹேர்ட்ஸ் அளவுக்குச் சென்றுவிடும்.