சுகரோடு தைராய்டும் வைட்டமின் டி குறைவும் இருந்தால் மாத்திரை எப்படிச் சாப்பிடுவது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்த வீட்டுக்குக் காலையில் போனாலும் ஒரு கையில் காபி டம்ளர் இருக்கும், இன்னொரு கையில் சுகர், தைராய்டு, கால்சியம் என்று எல்லா மாத்திரையும் சேர்ந்து இருக்கும், ஒரே மடக்கில் உள்ளே போய்விடும். தயவுசெய்து முதலில் இதை நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையான தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும், அதற்கப்புறம் அரை மணி நேரத்துக்காவது, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்கு, காபிகூட வேண்டாம். கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்சினை உடம்பில் சேரவிடாது, அதனால் நடுவில் நான்கு மணி நேரம் விட்டு அவற்றை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி மாத்திரை சிலவற்றிலேயே கால்சியமும் கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.

வைட்டமின் டி 60,000 யூனிட் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான். வீட்டில் ஆச்சிக்கு நீங்கள்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் கிழமையை அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள், ஏனென்றால் தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். எண்ணெயோ பாலோ சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால் நன்றாகச் சேரும். ரத்தத்தில் வைட்டமின் டி 20-க்குக் (ng/mL) கீழே இருந்தால் குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, ஆனால் வளவில் காய்கிற வத்தலுக்குக் கிடைக்கிற வெயில் நமக்குக் கிடைப்பதில்லை. 11 மணியிலிருந்து 2 மணிக்குள் கை, கால் தெரிய கொஞ்ச நேரம் நின்றால் பலன் உண்டு; கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது.

வைட்டமின் டி போட்டால் சுகர் இறங்குமா? அதை நம்பிச் சுகர் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுகர் வரும் நிலையில் இருந்த 2,423 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. தினம் 4,000 யூனிட் கொடுத்தும் சுகர் வருவது குறிப்பிடும்படி குறையவில்லை. எலும்புக்கும் தசைக்கும் அது வேண்டும், அதற்காகப் போடுங்கள்.

தைராய்டு அப்படியில்லை, சுகரை நேராகவே அசைக்கும். அதிகமாகச் சுரந்தால் சுகர் ஏறும். குறைவாக இருந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், ஊசி போடுகிறவர்களுக்குத் திடீரென்று லோ சுகர் வரலாம். தைராக்சின் ஆரம்பித்த பிறகு சுகர் கொஞ்சம் ஏறினாலும் ஏறும், பயப்பட வேண்டாம், அந்த வாரங்களில் அடிக்கடி பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை நீங்களாக மாற்றாதீர்கள். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ரிப்போர்ட் தப்பாக வரும்.