பழைய டூரிங் பைக்: வாங்கும்போதும் மாத்தும்போதும் சொதப்புற இடங்கள்

நெடுந்தூரம் போறதுக்குன்னே செஞ்ச பெரிய டூரிங் பைக்கைப் பழசா வாங்கும்போது, ஓடோமீட்டரை மட்டும் பார்த்து வாங்குறதுதான் முதல் தப்பு, நிறைய பேரு பண்றதும் அதைத்தான். இருபது வருஷ பைக்கு, வெறும் 15,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்குன்னு சொன்னா உடனே லக்கு அடிச்சிருச்சுன்னு அட்வான்ஸ் குடுத்துடுறாங்க. அது மீதி நாளெல்லாம் எங்க இருந்துச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. எங்கயோ கவர் போட்டு நின்னுட்டு இருந்துச்சு, வேற என்ன. நிக்கிற பைக்ல ரப்பர் காஞ்சு வெடிக்கும், ஃபோர்க் சீல் இறுகிப்போகும், பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து காலிப்பர் பிஸ்டனை அரிக்கும், கார்புரேட்டர் அடியில மிச்சமிருந்த பெட்ரோல் பிசினாகி, ஐடிலிங்குக்கு பெட்ரோல் விடுற சின்ன ஓட்டையை (பைலட் ஜெட்) அடைச்சிரும், நாலு கார்ப் இருக்குற கவாசாகி கான்கோர்ஸ் மாதிரி வண்டின்னா அதைக் கழட்டி க்ளீன் பண்றதே தனி வேலை. வருஷா வருஷம் ஓடி, சர்வீஸ் பில்லெல்லாம் பத்திரமா வெச்சிருக்குற 90,000 கிலோமீட்டர் ஹோண்டா கோல்ட் விங்கை கண்ணை மூடிட்டு வாங்குங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா நான் முதல்ல போய் பாக்குறது அதைத்தான்.

பாக்கப் போறதுக்கு முன்னாடியே "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் பேச்சு குடுத்துக்கிட்டே இன்ஜின் மேல கைய வெச்சுப் பாருங்க. சூடா இருந்துச்சுன்னா ஒண்ணு அவரு சொன்னதை மறந்துட்டாரு, இல்லன்னா கோல்டு ஸ்டார்ட்ல ஏதோ பிரச்சனை இருக்கு. ரெண்டுல எது ஆனாலும் இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துடலாம், ஒண்ணும் குறைஞ்சிடாது.

அடுத்தது முன்பக்கம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னாடி ஒருத்தரை அமுக்கச் சொல்லி முன்வீலைத் தூக்கிட்டு, ஹேண்டில்பாரை ஒரே விரலால மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க. நேரா வர்ற இடத்துல லேசா டக்குன்னு ஒரு பள்ளத்துல உக்காந்தா கோன் செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) போயிடுச்சுன்னு அர்த்தம், ஏன்னா வண்டி ஆயுசுல முக்கால்வாசி நேரம் நேராத்தான் ஓடிருக்கும், அந்த ஒரே இடத்துலதான் தேஞ்சிருக்கும். முன்னூறு கிலோவுக்கு மேல இருக்குற வண்டி ஹைவேல இதோட போனா நேராப் போகவே அடம் பிடிக்கும். அப்படியே ஃபோர்க்கோட அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருக்கக்கூடாது.

டயர் பட்டன் நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல DOTன்னு ஆரம்பிக்குற டாட் கோடு இருக்கும், அதோட கடைசி நாலு நம்பர்தான் பிறந்த தேதி. 2316ன்னு இருந்தா 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷ ரப்பர் மழையில பிடிக்காது, அந்த டயருக்கு விலையில கழிக்கச் சொல்லிக் கேளுங்க.

எந்த மாடல் வாங்குறோமோ அதோட நோய் என்னன்னு தெரிஞ்சுக்காமப் போறது பெரிய தப்பு. கோல்ட் விங்ல 2001ல வந்த ஜிஎல் 1800க்கு வால்வை ஓட்டுறது டைமிங் செயின், அதுக்கு முன்னாடி வந்த 1000, 1100, 1200, 1500 எல்லாத்துக்கும் டைமிங் பெல்ட். ஹோண்டா எஸ்டி 1100க்கும் பெல்ட்தான். பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன்ல போய் மோதும், ஹெட்டைப் பிரிக்கணும். வண்டி கம்மியா ஓடிருக்கு அதனால பெல்ட் நல்லாத்தான் இருக்கும்னு ஓனர் சொல்வாரு, பெல்ட்டும் ரப்பர்தானே, வயசுலயும் போகும். மாத்தினதுக்கு பில் இல்லன்னா மாத்தலன்னே கணக்கு வெச்சுக்கோங்க. அதே மாதிரி ஜிஎல் 1200ல ஸ்டேட்டர் (கரண்ட்டு தயாரிக்கிற காயில்) போச்சுன்னா இன்ஜினையே கீழ இறக்கித்தான் மாத்தணும், 1988ல வந்த ஜிஎல் 1500ல அதே வேலையைப் பாக்குற ஆல்டர்னேட்டர் வெளியில இருக்கு, போல்ட்டைக் கழட்டி எடுத்துடலாம். ரெண்டும் பழசுதான், ஆனா செலவு ஒண்ணு இல்ல. பிஎம்டபிள்யூ ஆர் 1150 ஆர்டில சர்வோ பிரேக் (மோட்டார் உதவியோட பிடிக்கிற பிரேக்) இருக்குற வண்டின்னா சாவி போட்டுட்டு பிரேக் லிவரைப் பிடிச்சா மோட்டார் ஓடுற சத்தம் கேக்கணும், ஏபிஎஸ் லைட் வண்டி நகர்ந்ததும் அணையணும். அணையலன்னா அந்த யூனிட் விலையை விசாரிச்சிட்டு அப்புறம் பேரம் பேசுங்க.

வண்டியை மூடியிருக்குற பிளாஸ்டிக் பாடி, அதான் ஃபேரிங், அதையும் விட்டுடாதீங்க. போல்ட்டுகள்ல ரெண்டு மூணு வேற வேற தலையா இருந்தா, உள்ள யாரோ கைய வெச்சிருக்காங்க. பேனலைப் பிடிக்கிற பிளாஸ்டிக் லாக் நாக்குகள் உடைஞ்சு பசை போட்டிருந்தா விழுந்த வண்டியா இருக்கலாம். இந்த வயசு வண்டிக்கு இன்ஜின் பார்ட்ஸ் கூட எப்படியாவது கிடைக்கும், ஆனா ஃபேரிங், மீட்டர் கண்ணாடி, ஸ்விட்ச் செட்டு இதெல்லாம் கம்பெனி நிறுத்தியிருக்கும், அதனால வாங்குறதுக்கு முன்னாடியே இடது பக்க ஃபேரிங் எங்க கிடைக்கும்னு ஒரு தடவை தேடிப் பார்த்துடுங்க. பேப்பர்ல இருக்குற இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பரை வண்டியில குனிஞ்சு பார்த்து ஒத்துப் பாக்குறதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

சரி, வாங்கியாச்சு. அந்த வாரமே எக்ஸ்ட்ரா லைட்டு, ஸ்பீக்கர், நேவிகேஷன், ஹீட்டட் ஜாக்கெட்டுன்னு ஆர்டர் போட ஆரம்பிக்குறதுதான் ரெண்டாவது பெரிய சொதப்பல். பழைய வண்டியில கரண்ட்டு அளவாத்தான் வரும். ஜிஎல் 1200 சாதா மாடல் ஸ்டேட்டர் சுமார் 360 வாட், அதுவும் ஆர்பிஎம் ஏறினாத்தான். அதுல இக்னிஷன், ஹெட்லைட், டெயில் லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் போக மிஞ்சுறது கொஞ்சம்தான். அதுமேல 55 வாட் ஹாலஜன் ரெண்டு மாட்டினா 110 வாட் அங்கயே போச்சு, சிக்னல்ல நிக்கும்போது பேட்டரிதான் எல்லாத்துக்கும் அழும்.

கணக்கு போட வேணாம், மல்டிமீட்டரை பேட்டரில வைங்க. வண்டி ஆஃப்ல இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், 3,000 ஆர்பிஎம்ல 13.5லிருந்து 14.5க்குள்ள. எல்லா லைட்டையும் போட்டு அதே ஆர்பிஎம்ல 13க்குக் கீழ வந்தா வண்டி பேட்டரியைத் தின்னுட்டு ஓடுது. 15ஐத் தாண்டினா வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு. இதோட இன்னொரு இடம் பாக்கணும், ஸ்டேட்டர்ல இருந்து ரெகுலேட்டருக்குப் போற வயர்கள், நிறைய ஹோண்டால மூணு மஞ்சள் வயர், ஒரு பிளாஸ்டிக் கனெக்டர். இஞ்சின் ஓடுற நேரமெல்லாம் அதுல கரண்ட்டு போய்க்கிட்டே இருக்கும், பின்னு லேசாக் கறுத்தாலே ரெசிஸ்டன்ஸ் ஏறி, சூடாகி, பிளாஸ்டிக் பிரவுன் கலராகி உருகிடும். உருகியிருந்தா கனெக்டரை வெட்டித் தூக்கிட்டு வயரை நேரடியா சால்டர் பண்ணி ஸ்லீவ் போடுங்க, மறுபடி அதே மாதிரி இன்னொரு கனெக்டர் மாட்டாதீங்க.

சீட்டைக் கழட்டினா முந்தின ஓனர்களோட வயரிங் கலை தெரியும். எங்க போகுதுன்னு தெரியாத சிவப்பு வயர், வயரைக் கடிச்சுப் பிடிக்கிற க்ளிப்பு, இன்சுலேஷன் டேப் மேல இன்சுலேஷன் டேப். புதுசா மாட்டுறதுக்கு முன்னாடி இதை எல்லாம் எடுங்க. அப்புறம் பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ் போட்டு, ரிலே வெச்சு, தனி ஃப்யூஸ் பாக்ஸ்ல இருந்து லைன் எடுங்க, ஹெட்லைட் வயர்ல இருந்து உருவாதீங்க. ஹாலஜன் ரிஃப்ளெக்டர்ல எல்இடி பல்பை சொருகுறதும் வேணாம், வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், ரோட்டுல விழாது.

என்னைக் கேட்டா முதல் காசு டயர், பிரேக், சஸ்பென்ஷனுக்குத்தான். பிரேக் ஹோஸை 4 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லி பல மேனுவல்ல இருக்கும், ஆனா இருபது வருஷமா ஒரிஜினல் ஹோஸோட ஓடுற வண்டி எக்கச்சக்கம். உள்பக்கம் ஊதி அடைச்சா பிரேக் பிடிச்சுட்டு விடவே விடாது. ஸ்டீல் ப்ரெய்டட் ஹோஸ் மாத்துறது நல்ல அப்கிரேடு. டாட் 4 பிரேக் ஆயில் ஊத்துற வண்டியில டாட் 5 சிலிகான் ஆயில் மட்டும் கலந்துடாதீங்க, 5.1 வேற, அது பரவாயில்ல. ஸ்பிரிங்குக்கு வந்தா, நீங்க உக்காந்ததும் சஸ்பென்ஷன் மொத்தமா அமுங்கக்கூடிய தூரத்துல மூணுல ஒரு பங்கு இறங்கணும். பாதிக்கு மேல இறங்குதுன்னா ஸ்பிரிங் தளர்ந்துடுச்சு, அதுமேல விலை உசந்த சீட் போட்டாலும் முதுகு வலிக்கும்.

லக்கேஜ்ல ஏமாறாத ஆளு கம்மி. பெரிய வண்டியாச்சே, எவ்வளவு வேணா ஏத்தலாம்னு நினைப்பு, ஆனா நிறைய மாடலுக்கு ரெண்டு பேரும் பையும் சேர்த்து 200 கிலோ பக்கம்தான் லிமிட். ரெண்டு பேரே 150 வந்துடுவாங்க. கனமானதை டாப் பாக்ஸ்ல வெச்சா, அது பின்வீல் ஆக்ஸிலுக்கும் பின்னாடி தொங்குறதால முன்பக்கம் லேசாகி வேகத்துல வண்டி அலையும். கனத்தை சைடு பாக்ஸ்ல கீழ வைங்க.

ஹேண்டில்பார் ரைசர் மாட்டினா ஐடிலிங்ல விட்டு ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க. ஆர்பிஎம் தானா ஏறினா ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்குது, யூ டர்ன் அடிக்கும்போது வண்டி பாய்ஞ்சிடும். பிரேக் ஹோஸும் விறைப்பா நிக்கக்கூடாது. சவுண்டுக்காக சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாத்துறதை கார்ப் வண்டியில தொடாம இருக்கிறதே நல்லது, காத்து-பெட்ரோல் கலவையில பெட்ரோல் குறைஞ்சு (லீன் ஆகி) இன்ஜின் சூடாகும், ஜெட் மாத்தி ட்யூன் பண்றவங்களும் இப்போ குறைஞ்சுட்டாங்க.

மாத்துறப்போ கழட்டின ஒரிஜினல் சீட்டு, விண்ட்ஷீல்டு, ஹேண்டில்பார் எதையும் தூக்கிப் போடாதீங்க. புதுசு பிடிக்கலன்னா திரும்ப மாட்டலாம், அடுத்து விக்கும்போது வாங்குறவன் முதல்ல கேக்குறதும் அதைத்தான்.